கோட்டைக்கு எதிரே ஐகோர்ட்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியாசர்பாடியில் எங்கள் தெருப் படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் உட்காருகிறேன். ஐகோர்ட்டில் வழக்காடுகிறவள் என்று தெரிந்ததும் இரண்டு விதமான ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வந்து "நீதிப்புனராய்வுன்னா என்னக்கா?" என்பார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, மகனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று ஓர் அம்மா கையில் மஞ்சள் பையோடு நிற்பார். அவர் கேட்பதும் நீதிப்புனராய்வைப் பற்றித்தான்: அரசாங்கம் செய்ததும் சட்டமன்றம் போட்ட சட்டமும் அரசியலமைப்புக்குப் பொருந்துகிறதா என்று கோர்ட் பார்த்துச் சொல்வது. பெயர்தான் அவருக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். இவை பொதுவான பதில்கள். உங்கள் வழக்குக்கு, உங்கள் காகிதங்களைப் பார்த்த பிறகுதான் யாரும் சரியாகச் சொல்ல முடியும்.

அமெரிக்காவில் ஃபெடரல் கோர்ட் என்று தனியாக இருக்கிறதே, நம்மிடமும் மத்திய கோர்ட், மாநில கோர்ட் என்று இருக்கிறதா?

இல்லை. அங்கே மாநில நீதிமன்றங்கள் ஒரு வரிசை, ஃபெடரல் நீதிமன்றங்கள் இன்னொரு வரிசை. நம்முடையதும் கூட்டாட்சிதான், சட்டம் போட டெல்லியில் ஓர் இடம், சென்னையில் ஓர் இடம். ஆனால் கோர்ட்டுக்கு ஒரே ஏணிதான். ஜார்ஜ் டவுனில் மாஜிஸ்திரேட் முன் காலையில் வரும் வழக்கு நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் இருக்கும், அடுத்த வழக்கு தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கும். அதே நாற்காலி, அதே நீதிபதி.

அந்த ஏணியில் மாஜிஸ்திரேட்டுக்கு மேலே செஷன்ஸ் நீதிமன்றம், அதற்கு மேலே உயர் நீதிமன்றம், உச்சியில் டெல்லி உச்ச நீதிமன்றம். சொத்து, வாடகை, பணத் தகராறு என்றால் சிட்டி சிவில் கோர்ட். அதுவும் ஐகோர்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் சொல்லும் சட்ட விளக்கம் நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசியலமைப்பின் 141ஆம் பிரிவு.

டெல்லியில் ஃபெடரல் கோர்ட் என்ற பெயரிலேயே ஒரு நீதிமன்றம் 1937 முதல் இருந்தது உண்மை. 1950 ஜனவரியில் அதன் இடத்துக்கு உச்ச நீதிமன்றம் வந்தது. அப்போது தலைமை நீதிபதியோடு சேர்த்து 8 பேர். 2019இல் அந்த எண்ணிக்கை 34 ஆனது. நம் ஐகோர்ட் இதைவிட மூத்தது. 1862இல் தொடங்கியது; இன்று பாரிமுனையில் நாம் பார்க்கும் சிவப்புக் கட்டடம் 1892இல் திறக்கப்பட்டது.

சட்டமன்றம், அரசாங்கம், கோர்ட்: மூன்றும் தனித்தனி என்று புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடிக்கு அடுத்து உயர் நீதிமன்றம் நிலையம். இறங்கித் தெற்கே பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் ஜார்ஜ் கோட்டை. சட்டமன்றம் அதற்குள்தான் இருக்கிறது, தலைமைச் செயலகமும் அதற்குள்தான் இருக்கிறது. சட்டம் போடுகிறவர்களும் அதை நடத்துகிறவர்களும் ஒரே மதிலுக்குள். நம் ஆட்சிமுறையும் ஏறக்குறைய அப்படித்தான்: சட்டமன்றத்தில் பெரும்பான்மை உள்ளவர்களே அமைச்சர்கள் ஆகிறார்கள். அதனால் அந்த இரண்டு பேரையும் பார்த்து "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்க மதிலுக்கு வெளியே ஒருவர் வேண்டியிருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் நிற்கும் சிவப்புக் கட்டடத்தின் வேலை அதுதான்.

என் பையனைக் குண்டாஸில் போட்டுவிட்டார்கள். ஜாமீன் எப்போது கிடைக்கும்?

எங்கள் பகுதியில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

குண்டாஸுக்கு ஜாமீன் கிடையாது. சாதாரணமாகக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பிறகு ஜாமீன் மனு, விசாரணை, தீர்ப்பு என்று போகும். குண்டாஸ் அந்த வழியிலேயே வராது. அது 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆம் எண் சட்டம். செய்த குற்றத்துக்குத் தண்டனையாக இதைப் போடுவதில்லை. இனிமேல் பொது அமைதியைக் கெடுப்பார் என்று சொல்லி முன்கூட்டியே அடைத்து வைக்கிறார்கள். சென்னையில் அந்த ஆணையைப் போடுவது கோர்ட் இல்லை, போலீஸ் கமிஷனர். அதிகபட்சம் 12 மாதம்.

எந்த நீதிபதியும் குற்றவாளி என்று சொல்லாத ஒருவரை ஓர் அதிகாரியின் கையெழுத்து ஓராண்டு புழல் சிறையில் வைக்க முடியும். இவ்வளவு பெரிய அதிகாரம் என்பதால்தான் சட்டம் அதைச் சுற்றிக் கெடுக்களைப் போட்டிருக்கிறது. அடைத்த 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசு அந்த ஆணைக்கு ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள், அடைத்தது சரியா என்று பார்க்கும் ஆலோசனைக் குழுமத்தின் முன் கோப்பு போக வேண்டும். 7 வாரத்துக்குள் குழுமம் அறிக்கை தர வேண்டும். அடைக்கப்பட்டவர் "எனக்கு இது பொருந்தாது" என்று எழுதிக் கொடுக்கும் மனுவை அரசு தாமதமில்லாமல் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு கொடுத்த உரிமை இது.

இதில் ஏதாவது ஒன்று தவறினால், அடைத்து வைத்தவரைக் கோர்ட் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவை ஐகோர்ட்டில் போடலாம். பேச்சில் ஹேபியஸ் கார்பஸ் என்பார்கள். அம்மா போடலாம், மனைவி போடலாம். இரண்டு நீதிபதிகள் சேர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். "குண்டாஸ் உடைஞ்சிடுச்சு" என்று தெருவில் சொல்கிறோமே, அது பெரும்பாலும் அந்த அறையில்தான் உடைகிறது.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா என்னிடம் வந்தார். மகனுக்குக் கொடுத்த புக்லெட் அவர் பையில் இருந்தது. காவல் ஆணைக்கு ஆதாரமான காகிதங்களைக் கட்டித் தரும் கத்தைக்கு அதுதான் பெயர். அவருக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் அந்த இருநூற்றுச் சொச்சம் பக்கத்தையும் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறார். "இந்த ஒரு பக்கம் மட்டும் கறுப்பா இருக்கும்மா, எம் புள்ள இத எப்டிப் படிச்சிருப்பான்?" என்றார். எடுத்துப் பார்த்தேன். முக்கியமான ஒரு கோர்ட் உத்தரவின் நகல். ஜெராக்ஸ் மை அப்பிப் போய் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. படிக்க முடியாத காகிதத்தைக் கொடுத்தால் பதில் சொல்லும் உரிமையைப் பறித்ததாகிவிடும் என்பது கோர்ட் பலமுறை சொன்ன விஷயம். அந்தப் பக்கத்தைச் சொல்லித்தான் வாதாடினேன். ஆணை ரத்தானது.

கேட்கும்போது சின்ன விஷயம் போலத் தெரியும். "ஒரு ஜெராக்ஸுக்காக விட்டுட்டாங்களா?" என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் விசாரணை இல்லாமல் அடைக்கும் இடத்தில் அந்தக் காகிதத்தைத் தவிர அவனுக்கு வேறு பாதுகாப்பே இல்லை. வேறு காரணங்களாலும் ஆணை உடையும்: மனுவைப் பார்க்கத் தாமதம், தெரியாத மொழியில் காகிதம், கைதுக்கும் காவல் ஆணைக்கும் நடுவே விளக்கமில்லாத நாட்கள். சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக் காவலைக் கையில் எடுக்கக் கூடாது என்று 2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் இதே 1982 சட்டத்தின் கீழ் வந்த வழக்குதான். அடைக்கப்பட்டவரின் மனைவி போட்டது.

இரண்டு உண்மைகளையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குண்டாஸ் உடைந்தாலும் மூல வழக்கு அப்படியே இருக்கும். அதற்குத் தனியாக ஜாமீன் வாங்க வேண்டும். அடுத்தது, மனு விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஆறேழு மாதம் உள்ளே இருந்த பிறகு "ஆணை செல்லாது" என்று வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த மாதங்களை யாரும் திருப்பித் தருவதில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சட்டமன்றமே போட்ட சட்டத்தையும் கோர்ட் செல்லாது என்று சொல்ல முடியுமா?

முடியும். அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம் அந்த அளவுக்குச் செல்லாது என்று 13ஆம் பிரிவே சொல்கிறது. உரிமை பறிபோனால் உச்ச நீதிமன்றத்துக்கு 32ஆம் பிரிவின் கீழ் நேராகப் போகலாம். ஐகோர்ட்டுக்கு 226ஆம் பிரிவு. இந்த 226 இன்னும் அகலமானது. அடிப்படை உரிமை மட்டுமில்லாமல் மற்றச் சட்ட உரிமைகளுக்கும் அதன் கீழ் ரிட் மனு, அதாவது அரசுக்கு உத்தரவிடச் சொல்லிக் கேட்கும் மனு, போடலாம்.

தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குடியரசின் முதல் பெரிய அரசியலமைப்பு வழக்குகளில் எதிர்த்தரப்புப் பெயர் மெட்ராஸ் மாகாண அரசுதான். 1950இல் ஏ.கே. கோபாலன் வழக்கு, தடுப்புக் காவலைப் பற்றியது. அதே ஆண்டு ரொமேஷ் தாப்பர் வழக்கு. 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய்ப் பத்திரிகை நம் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்ற தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கு. கல்லூரி இடங்களைச் சமூக வாரியாகப் பிரித்த வகுப்புவாரி அரசாணை செல்லாமல் போனது.

கடைசித் தீர்ப்பு இங்கே பெரும் கொந்தளிப்பைக் கிளப்பியது. அதே 1951இல் நாடாளுமன்றம் முதல் அரசியலமைப்புத் திருத்தத்தைக் கொண்டுவந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று 15(4)ஐச் சேர்த்தது. கோர்ட் ஒன்று சொன்னது. மக்கள் வேறு சொன்னார்கள். நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தியது. இன்று எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அந்தத் திருத்தத்தில் பங்கு இருக்கிறது. அதனால் எல்லா நேரமும் கோர்ட் பக்கமே நியாயம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் பெரும்பான்மை இருந்தால் அரசியலமைப்பை எப்படி வேண்டுமானாலும் மாற்றிவிடலாமா?

அதற்கும் எல்லை உண்டு. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7க்கு 6 என்ற கணக்கில் சொன்னார்கள்: திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை உடைக்கக் கூடாது. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் கதையே வேறு.

நம் 69 சதவீத இடஒதுக்கீடு இந்த இடத்தில்தான் நிற்கிறது. 1992இல் இந்திரா சாஹ்னி வழக்கில் இடஒதுக்கீட்டுக்குப் பொதுவாக 50 சதவீத வரம்பு வந்தது. தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது. 1994இல் 76ஆம் திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில் வைத்தது. அந்த அட்டவணையில் போனால் கோர்ட் தொடாது என்பது அப்போதைய நம்பிக்கை. ஆனால் 2007இல் ஐ.ஆர். கோயல்ஹோ எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 9 நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அதில் சேர்ந்த சட்டங்களையும் ஆராயலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போ கோர்ட்தான் எல்லாருக்கும் பெரியதா? கோர்ட்டை யார் கேட்பது?

ஜல்லிக்கட்டை நினைத்துப் பாருங்கள். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் உட்கார்ந்தது. நம் பிள்ளைகளும் ராயபுரத்திலிருந்தும் பெரம்பூரிலிருந்தும் போனார்கள். சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். ஒரு தீர்ப்பு எந்தச் சட்டத்தின் மேல் நிற்கிறதோ, அந்தச் சட்டத்தை முறையாக மாற்ற மக்கள் பிரதிநிதிகளுக்கு எப்போதும் வழி உண்டு.

நீதிபதியை நீக்குவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது: இரண்டு அவைகளிலும், மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1993இல் நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானம் மக்களவையில் தோற்றது. எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. 205 பேர் வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்ததால் தேவையான எண்ணிக்கை வரவில்லை.

நியமனம்தான் இழுபறி. 1993 முதல் மூத்த நீதிபதிகளின் கொலீஜியம் பெயர்களைப் பரிந்துரைக்கிறது, ஒன்றிய அரசு நியமிக்கிறது. இதை மாற்ற வந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015இல் உச்ச நீதிமன்றமே ரத்து செய்தது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது எனக்கு முழு மனதோடு ஒப்பவில்லை. அரசாங்கத்திடம் விட்டால் என்ன ஆகும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. ஐகோர்ட் நாற்காலிகளில் வடசென்னைத் தெருக்களிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி எந்த நியமன முறைக்கும் பொருந்தும்.

கோர்ட் எப்போதாவது அரசாங்கத்துக்குப் பயந்திருக்கிறதா?

நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று அரசு வாதாடியது. நாட்டின் 9 உயர் நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. ஆனால் 1976 ஏப்ரல் 28 அன்று ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்று அரசு பக்கம் சாய்ந்தது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர்தான். அந்த ஆண்டு நம் மத்தியச் சிறையில் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்ட கைதிகள் அடிபட்டதை இங்கே வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். 2017இல்தான் அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது. நாற்பத்தொரு வருடம் ஆனது.

ஆளுநர் மசோதாவை வைத்துக்கொண்டே இருந்தால்?

200ஆம் பிரிவின்படி அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்தி வைக்கலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். தமிழ்நாட்டின் 10 மசோதாக்கள் பற்றி 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, அவர் செய்தது சட்டப்படி தவறு என்று சொல்லி, முழு நீதி கிடைக்கத் தேவையான உத்தரவைப் போட உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் 142ஆம் பிரிவைக் கொண்டு அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொண்டது, காலக்கெடுவும் விதித்தது. பிறகு குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டார். 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள், கோர்ட் அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் வந்ததாகத் தானே கொள்ளவும் முடியாது என்றார்கள். ஆனால் காரணமே இல்லாமல் நீண்ட காலம் வைத்திருந்தால், நியாயமான காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவிடலாம் என்றும் சொன்னார்கள். காலக்கெடு இல்லாத இடத்தில் "நியாயமான காலம்" எவ்வளவு என்பதற்குத்தான் இனி வழக்குகள் வரும்.

கால்வாய் ஓரத்து வீடுகளை இடிக்க வருகிறார்கள். கோர்ட் தடுக்குமா?

நிறுத்தும் என்று உறுதி சொல்ல முடியாது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும், முன்னறிவிப்பு இல்லாமல் விரட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே சமயத்தில் நம் சென்னைக் குடிசைப் பகுதிகளைப் பற்றிய கே. சந்துரு எதிர் தமிழ்நாடு அரசு வழக்கும் முடிவுக்கு வந்தது. மாற்று இடம் தருவது அரசின் கொள்கை என்பதைப் பதிவு செய்தார்கள். 2024 நவம்பரில் புல்டோசர் வழக்கில் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்ற விதி வந்தது. ஆனால் சாலை, நடைபாதை, ரயில்பாதை ஓரம், நீர்நிலை ஆகிய இடங்களுக்கு அந்த விதி பொருந்தாது. பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருக்கும் நம் ஜனத்துக்கு அந்த விதிவிலக்குதான் முட்டுக்கட்டை. அதனால் நோட்டீஸ் வந்த அன்றே வாருங்கள். எத்தனை ஆண்டு குடியிருப்பு, மாற்று இடம் எங்கே, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு நடுவில் இருக்கிறதா, எல்லாவற்றையும் கோர்ட் முன் வைக்க முடியும்.

தீர்ப்பு வந்தும் ஒன்றும் நடக்கவில்லையே?

கோர்ட்டுக்கென்று படை கிடையாது. உத்தரவை நடத்த வேண்டியது அதே அரசாங்கம்தான். செய்யாவிட்டால் அவமதிப்பு வழக்கு போடலாம். அதிகாரி நேரில் வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். கோர்ட்டைத் தவிர, குறிப்பிட்ட துறை வழக்குகளுக்கென்று தீர்ப்பாயங்களும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கை எடுத்தது. அது 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தீர்ப்பாயம். தீர்ப்பாயங்கள் இருந்தாலும் ஐகோர்ட்டின் 226 அதிகாரம் போய்விடாது என்று 1997இல் எல். சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

காவிரி மாதிரி மாநிலங்களுக்குள் சண்டை வந்தால்?

மாநிலமும் ஒன்றியமும், அல்லது இரண்டு மாநிலங்கள் மோதினால், 131ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றம் நேரடியாக விசாரிக்கும். நதிநீருக்கு மட்டும் நடுவர் மன்றம் தனி. காவிரிக்கு 1990இல் மன்றம், 2007இல் இறுதித் தீர்ப்பு, மேல்முறையீட்டில் 2018 பிப்ரவரியில், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு விட வேண்டிய தண்ணீர் 177.25 டிஎம்சி என்று தீர்ப்பு.

ஐகோர்ட்டில் தமிழில் பேசலாமா?

கீழ்க் கோர்ட்டில் தமிழ் உண்டு. ஐகோர்ட்டில் 348ஆம் பிரிவின்படி நடவடிக்கைகள் ஆங்கிலத்தில்தான். அலகாபாத், பாட்னா உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடம் கிடைத்திருக்கிறது. தமிழுக்காக 2006இல் சட்டமன்றம் போட்ட தீர்மானம் இன்னும் நிறைவேறவில்லை. தன் மகனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் என்ன பேசுகிறார்கள் என்று புரியாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை வாரம்தோறும் பார்க்கிறேன். வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் நிறுத்தித் தமிழில் சொல்வதை ஒரு கடமையாக வைத்திருக்கிறேன். உங்கள் வக்கீல் சொல்லாவிட்டால், நீங்களே நிறுத்திக் கேளுங்கள்.

கையில் காசு இல்லை. என்ன செய்வது?

15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழு ஐகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது.

படிப்பகத்துக்கு வரும்போது என்னென்ன காகிதம் எடுத்து வர வேண்டும்?

இருப்பதையெல்லாம். முதல் தகவல் அறிக்கை, ரிமாண்ட் காகிதம், குண்டாஸ் என்றால் காவல் ஆணையும் புக்லெட்டும் முழுசாக. வீட்டு விஷயம் என்றால் நோட்டீஸ், ரேஷன் அட்டை, பழைய மின்கட்டண ரசீது, எவ்வளவு பழையதோ அவ்வளவு நல்லது. காகிதம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று பின்பக்கம் பென்சிலில் எழுதி வையுங்கள். தபாலில் வந்திருந்தால் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். அதில் முத்திரைத் தேதி இருக்கும். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், எனக்கும் நகல் போதும். நகல் எடுக்கும்போது கடைக்காரர் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு பக்கமும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மூலத்திலேயே கறுப்பாகவோ வெளிறியோ இருக்கும் பக்கம் இருந்தால், அதன் மூலையை மடித்து வையுங்கள்.